வேடந்தாங்கல், மூன்றாவது முறை: இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன்

வேடந்தாங்கலுக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை போனது தண்டச் செலவு. இடத்தின் மேல் குற்றம் இல்லை, நான் போன நேரம் அப்படி.

முதல் முறை ஒரு செப்டம்பரில். திண்டிவனத்தில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பும் வழியில், சாப்பிட்டது செரிக்க எங்கேயாவது நடக்கலாம் என்று வண்டியைத் திருப்பினோம். ஏரி காய்ந்து கிடந்தது. தண்ணீருக்குள் நிற்பதாகப் படங்களில் பார்த்த மரங்கள் எல்லாம் வெறும் மண்ணில் அடிமரம் தெரிய நின்றன. ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் எங்கள் பட்டுப்புடவைக் கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மழ பேஞ்சு ஏரி ரொம்பினாத்தான்யா பறவ வரும், இப்ப என்னாத்துக்கு வந்தீங்க?” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் வண்டியில் ஏறிவிட்டோம்.

இரண்டாவது முறை சீசனில்தான் போனோம், ஆனால் காணும் பொங்கல் அன்று, அதுவும் நடுப்பகல் 12 மணிக்கு. கரை முழுக்கத் தலை. வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா பையன், அப்போது அவனுக்கு ஆறு வயது, அரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு “மாமா, பறவை எங்க?” என்றான். “அதோ பாருடா, மரத்து மேல வெள்ளையா இருக்கே.” “அது பூ இல்லையா?” அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வெறும் கண்ணால் பார்த்தால் அது பூதான். பைனாகுலர் இல்லாமல் வேடந்தாங்கலுக்குப் போவது கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு சினிமாவுக்குப் போவது மாதிரி. கூட்டம் இருக்கும், சத்தம் இருக்கும், திரையில் ஏதோ அசையும், அவ்வளவுதான்.

மூன்றாவது முறை போனது இந்த ஜனவரியில், ஒரு புதன்கிழமை, லீவு போட்டுவிட்டு. கூட வந்தவர் ஆபீஸில் எனக்கு மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருடமாகப் பறவை பார்க்கிறவர். முந்தின நாள் அவர் சொன்ன ஒரே அறிவுரை: “தம்பி, ஒண்ணு காலைல ஆறு மணிக்கு வாசல்ல நிக்கணும், இல்லாட்டி சாயங்காலம் நாலு மணிக்கு மேல போகணும். நடுவுல போறதா இருந்தா வீட்லயே தூங்கு.” நாங்கள் இரண்டையும் செய்தோம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இந்த விமர்சனத்தில் நல்லதாக நான் எழுதப்போவது எல்லாம் அந்த ஒரு முடிவால் வந்தது.

தாம்பரத்திலிருந்து நாலரைக்குக் கிளம்பினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பரனூர் டோல், செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பினால் அப்புறம் வயல் நடுவே போகும் ரோடு. சென்னையிலிருந்து 80 கிலோமீட்டர் போல வரும். கார் இல்லாதவர்கள் செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கலாம், மதுராந்தகத்திலிருந்தும் பஸ் உண்டு. ஆனால் விடியற்காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டுமானால் பஸ்ஸை நம்ப முடியாது, மாலைக் காட்சிக்கு வேண்டுமானால் சரிவரும். டிக்கெட் பெரிய தொகை இல்லை. கேமராவுக்குத் தனியாக வாங்குவார்கள்.

உள்ளே போனதும் பறவையைப் பார்ப்பதற்கு முன்னால் காதில் கேட்கும், அதற்கும் முன்னால் மூக்கில் ஏறும். கருவாட்டுக் கூடையைப் பக்கத்தில் வைத்த மாதிரி ஒரு வாடை, அதோடு ஈரச் சுண்ணாம்பு மாதிரி இன்னொன்று. பத்து நிமிடத்தில் பழகிவிடும். பழகாதவர்கள் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத் திரும்பிப் போய்விட வேண்டாம். சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முந்தின நேரத்தில் வெளியே நின்று கேட்டால் ஒரு இரைச்சல் வருமே, யார் என்ன பேசுகிறார்கள் என்று தனியாகப் பிரிக்க முடியாமல், அது மாதிரி. அண்ணன் சொன்னது வேடிக்கையாக இருந்தது: வளர்ந்த நாரைகளுக்குக் குரல் கிடையாதாம். அலகை அலகோடு தட்டி ‘டக டக டக’ என்று ஓசை எழுப்புவதோடு சரி. இத்தனை கத்தலும் குஞ்சுகளுடையதும் கொக்கு, நீர்க்காகம், வக்கா போன்றவற்றுடையதும்தான்.

ஏரிக்கரை மேலேயே நடைபாதை, இடையிடையே உட்காரப் பெஞ்சு, ஏறிப் பார்க்க ஒரு கோபுரம். இடம் அவ்வளவுதான். படகு கிடையாது, கூட்டுக்குப் பக்கத்தில் போக முடியாது. ‘இவ்வளவு தூரம் வந்து கிட்டே போய்ப் பார்க்க முடியலையே’ என்று பக்கத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டார். எனக்கும் பழைய இரண்டு முறையும் அதே அலுப்பு இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், கூடு கட்டி முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் பறவை மனிதனைப் பார்த்து எழுந்து போனால் அந்த ஐந்து நிமிடம் காக்கைக்குப் போதும். மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதால் பூனையும் கீரியும் எளிதில் ஏற முடியாது என்ற நம்பிக்கையில்தான் அவை அங்கே கட்டுகின்றன. நாமும் அந்தப் பூனை, கீரி வரிசையில்தான் வருகிறோம்.

மரங்கள் பெரும்பாலும் நீர்க்கடம்பும் கருவேலமும். இலைகள் எல்லாம் எச்சத்தால் வெள்ளையடித்த மாதிரி இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் நோய் வந்த மரம் போலத் தோன்றும். ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடித்தனம். மேல்தட்டில் நாரைகளும் கூழைக்கடாக்களும், நடுவில் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும், கொஞ்சம் கீழே அடர்த்தியான இடத்தில் நீர்க்காகமும் சின்னக் கொக்குகளும். கண்டிப்பான விதி ஒன்றும் இல்லை, மேல்வீட்டுக்காரர் எச்சம் கீழ்வீட்டுக்காரர் தலையில் விழுவதைப் பார்த்தால் ஒதுக்கீடு எப்படி நடந்திருக்கும் என்று யூகிக்கலாம்.

நான் அதிக நேரம் பார்த்தது நத்தைகுத்தி நாரையை. கரைக்கு ஓரளவு பக்கத்தில் இருந்த ஒரு மரத்தில் ஒரு ஜோடி. ஆண் என்று அண்ணன் சொன்னது எங்கிருந்தோ ஒரு குச்சி கொண்டுவந்தது, இலையோடு. பெண் அதை வாங்கி ஓர் இடத்தில் செருகியது, பிடிக்கவில்லை, உருவி வேறு இடத்தில் செருகியது, அதுவும் பிடிக்கவில்லை. ஆண் அடுத்த குச்சியோடு வந்து நின்றது, பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அந்த முதல் குச்சி தண்ணீரில் விழுந்தது. இரண்டும் கொஞ்ச நேரம் கீழே பார்த்தன. எங்கள் வீட்டில் திரைச்சீலை மாட்டின நாள் ஞாபகம் வந்தது.

அந்த அலகைத்தான் பைனாகுலரில் பார்க்க வேண்டும். வாயை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி, பாக்குவெட்டி மாதிரி, அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது. பாக்கு மாதிரி நத்தையை நொறுக்கித் தின்னும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ஓட்டை உடைக்காமலே, கீழலகின் நுனியை உள்ளே விட்டு, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, நத்தையை முழுசாக உருவி எடுத்துவிடும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும்.

அடுத்து மஞ்சள்மூக்கு நாரை, சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். பின்சிறகில் மட்டும் யாரோ ரோஸ் சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி ஒரு நிறம். படத்தில் பார்த்தபோது கம்ப்யூட்டரில் ஏற்றியது என்று நினைத்தேன், இல்லை, உண்மையிலேயே அப்படித்தான். எட்டரை மணிக்கு வெயில் ஏறியதும் ஒரு தாய் (தகப்பனாகவும் இருக்கலாம், பார்த்தால் தெரியாது) இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு மேல் குடை பிடித்து நின்றது. அப்படியே நின்றது. நாங்கள் பிளாஸ்க் காபியைக் குடித்து முடித்து, இன்னொரு மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில், அதே மாதிரி.

கூழைக்கடாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இறக்கை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வரும், தலைக்கு மேல் போகும்போது காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்கும், எல்லாரும் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்ப்பார்கள். வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அண்ணனின் தொப்பி அனுபவப்பட்டது. குஞ்சு சாப்பிடும் விதம் கொஞ்சம் பயமாக இருக்கிறது, தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுக்க விட்டுக்கொண்டு, ஏதோ சண்டை நடப்பது போல உலுக்குகிறது. அக்கா பையன் பார்த்திருந்தால் பாதி நாள் அதைப் பற்றியே பேசியிருப்பான்.

இப்போது நான் கொஞ்சம் சண்டை போட வேண்டிய விஷயம். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பத்தில் அப்பா பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டே வந்தார்: “இதெல்லாம் ஆஸ்திரேலியா, சைபீரியாவுலேர்ந்து வந்து, இங்க முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, கூட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிடும்.” நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றுவதும் இதுதான். அண்ணனுக்கு இதைக் கேட்டால் முகம் மாறிவிடும். இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்கு எல்லாமே நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் மீனும் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்து ஊர் விட்டு ஊர், மாநிலம் விட்டு மாநிலம் போகும், வரும், ஆனால் பிரசவம் இந்த மண்ணில்தான். நிஜமான வெளிநாட்டு விருந்தாளிகள் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், உள்ளான் வகைகள். அவை வடக்கே ஐரோப்பா, ஆசியாவின் குளிர்ப் பிரதேசங்களில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, பனி மூடும்போது இங்கே சாப்பிடவும் குளிர் காயவும் வருகின்றன. இங்கே முட்டையிடுவதில்லை.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். எனக்கு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் மரியாதை என்று பறவை வரைக்கும் வந்துவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் குட்டையில் நிற்கிற நீர்க்காகத்தைக் கல் எடுத்து விரட்டுகிறவர், அதே நீர்க்காகத்தைப் பார்க்க 80 கிலோமீட்டர் டீசல் போட்டு வந்து ‘ஃபாரின் பேர்ட்’ என்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்.

அப்புறம், ஏன் காலையும் மாலையும் மட்டும்? ஏரியின் பரப்பு 30 ஹெக்டேர் சொச்சம், நம் கணக்கில் 74 ஏக்கர் போல. நல்ல மழை வருடங்களில் இங்கே சேருவது பல்லாயிரம் பறவைகள். அத்தனை வாய்க்கும் இந்தச் சின்ன ஏரியில் மீன் எங்கே? இது சாப்பாட்டுக் கூடம் இல்லை, பிரசவ வார்டு. சாப்பாடு சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஏரிகள், குளங்கள், நெல் வயல்களில். விடிந்ததும் ஒன்று வீட்டைப் பார்த்துக்கொள்ள, மற்றது வேலைக்குக் கிளம்புகிறது. நடுப்பகலில் போகிறவர் பார்ப்பது வெயிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பாதிக் குடும்பத்தை.

ஊர்க்காரர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இந்த இடத்தின் பெருமையே அதில்தான் இருக்கிறது. வேடன் தாங்கல் என்ற பெயரிலேயே வேட்டை இருக்கிறது, ஒரு காலத்தில் ஜமீன்தார்கள் சுட வந்த இடம். பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் நேரே கலெக்டரிடம் போயிருக்கிறார்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இங்கே யாரும் பறவையைச் சுடக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார், 1798 வாக்கில். 1858-ல் அந்த உரிமையை மறுபடி உறுதி செய்து வாங்கியிருக்கிறார்கள். காட்டிலாகா, வனவிலங்குச் சட்டம் எல்லாம் வருவதற்கு எவ்வளவோ முன்னால். 1936-ல் சரணாலயம் என்ற அங்கீகாரம், 1972-க்கு அப்புறம் சட்டப் பாதுகாப்பு, 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் என்று பிற்பாடு நடந்தவை எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் போட்ட அஸ்திவாரத்தின் மேல் எழுந்த சுவர்கள்.

பறவை மேல் வெறும் பாசம் மட்டும் இல்லை. மதியம் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்த இடத்தில், பக்கத்து வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “ஏரித் தண்ணி பாயுற வயலுக்கும் போர் தண்ணி பாயுற வயலுக்கும் பச்சையப் பாத்தாலே தெரியும் சார். பறவ எச்சம் கலந்து வருதில்ல, பாதி உரம் அதுலயே போயிடும்.” எச்சத்தில் தழைச்சத்து அதிகம், அது ஏரியில் கரைந்து மதகு வழியாக வயலுக்குப் போகிறது. பறவை வயலில் தின்கிறது, ஏரியில் எச்சமிடுகிறது, ஏரி வயலுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. நான் பார்த்த எந்தச் சுற்றுலாத் தலத்திலும் இப்படி ஒரு கணக்கு நேராகி நின்றதில்லை. அவர் கையில் இருந்த மண்வெட்டியில் சேறு காயவில்லை, பேச்சு முடிந்ததும் “வரட்டுமா சார்” என்று மடைக்குப் போய்விட்டார்.

இதனால்தான் 2020-ல் சரணாலயத்தைச் சுற்றி இருக்கிற 5 கிலோமீட்டர் எல்லையைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது அத்தனை எதிர்ப்புக் கிளம்பியது. ஏரியை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றிவிட்டு, சுற்றியுள்ள வயலையும் ஏரியையும் விட்டுவிட்டால், வார்டு இருக்கும், சமையலறை இருக்காது. அப்போது செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அது ஒரு எண் தகராறு மாதிரிதான் பட்டது. அந்த வயல் நடுவே நின்று, தலைக்கு மேல் நத்தைகுத்தி நாரைகள் ஒவ்வொன்றாக ஏரியைப் பார்க்கப் போவதைக் கண்டபோதுதான் உறைத்தது.

நடுப்பகலை நாங்கள் கரிக்கிலியில் கழித்தோம். வேடந்தாங்கலிலிருந்து பத்து கிலோமீட்டர் போலத்தான். அதுவும் சரணாலயம்தான், அதுவும் 2022-ல் ராம்சார் பட்டியலுக்குப் போனது, ஆனால் கூட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. வாத்து பார்க்க வேண்டுமானால் அதுதான் இடம். திறந்த, ஆழம் குறைந்த தண்ணீர். ஊசிவால் வாத்துகள் தலை கீழாகக் கவிழ்ந்து பின்பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தன, அது ஏதோ மரியாதைக் குறைவு போல ஒரு காட்சி. கரண்டிவாயன் ஒன்று தண்ணீரில் அலகை இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடந்தது, பெருக்குகிறவர் கையில் துடைப்பம் போகிற மாதிரி. வேடந்தாங்கலுக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவர் இங்கே வந்தாலும் இதன் அமைதி போய்விடும் என்பதால் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சரி, இங்கே வரை பொறுமையாகப் படித்தவர்கள் வரலாம்.

சாப்பாட்டைப் பற்றி. கையில் கட்டிக்கொண்டு போங்கள். வரும் வழியில் நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டோம், பெயர் வேண்டாம், மிளகைத் தேடி எடுக்க அங்கேயும் பைனாகுலர் தேவைப்பட்டது. புளிசாதம், தயிர்சாதம், தண்ணீர் பாட்டில். இலையையும் கவரையும் திரும்ப வண்டிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பைனாகுலர் விஷயத்தில் என் அனுபவம் இன்னும் கேவலம். போன வருடம் இணையத்தில் ‘100 மடங்கு’ என்று விளம்பரம் பார்த்து ஒரு ஒற்றைக் குழல் வாங்கினேன். அதில் பார்த்தால் நாரையும் தெரியாது, மரமும் தெரியாது, என் கை நடுங்குவது மட்டும் 100 மடங்கு தெரியும். அண்ணன் கொடுத்தது 8x42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். இது போதும், இதற்கு மேல் போனால் கை ஆட்டம்தான் பெரிதாகும். நல்லது வாங்கக் காசு இல்லையென்றால் கடன் வாங்குங்கள். போனில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் போன் கேமராவை பைனாகுலர் கண்ணாடியில் ஒட்ட வைத்து எடுக்கலாம், பழக ஒரு மணி நேரம் ஆகும், வட்டமாக ஒரு நாரை கிடைக்கும். வெள்ளை, மஞ்சள் மாதிரி பளிச்சென்ற சட்டை வேண்டாம். காது கேட்க வந்த இடத்தில் பாட்டு வேண்டாம், இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

மாலை நாலரைக்கு மறுபடி உள்ளே போனபோது, வேனில் வந்த ஒரு கூட்டம் புளூடூத் ஸ்பீக்கரைப் பெஞ்சு மேல் வைத்துக் குத்துப்பாட்டு போட்டிருந்தது. அண்ணன் போய், கோபப்படாமல், “தம்பிகளா, அந்த மரத்துல பொறந்து பத்து நாள் குழந்தைங்க தூங்குது” என்றார். ஒருவன் சிரித்தான், இன்னொருவன் பாட்டை நிறுத்தினான். அதே பையன் கொஞ்ச நேரம் கழித்து வந்து “அண்ணே, ஒரு தடவ பாக்கட்டுமா?” என்று பைனாகுலரைக் கேட்டான். அதற்கப்புறம் அந்த வேன் கூட்டம் முழுக்க வரிசையில் நின்றது, எனக்கு இருபது நிமிடம் பைனாகுலர் கிடைக்கவில்லை.

ஐந்து மணிக்கு மேல்தான் படம் ஆரம்பித்தது. முதலில் மேற்கே நாலைந்து புள்ளிகள். அப்புறம் ஒரு கோடு. அப்புறம் நாலா பக்கத்திலிருந்தும். அரிவாள் மூக்கன்கள் வரிசை பிசகாமல் வந்தன, நீர்க்காகங்கள் தாழப் பறந்து வந்தன, கொக்குகள் பேருந்து பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி அலங்கோலமாக வந்தன. நாரைகள் உயரத்தில் வந்து, ஏரிக்கு மேல் வந்ததும் காலைத் தொங்கவிட்டு, காற்றில் ஊஞ்சலாடி, சரியாகத் தன் கிளையில் இறங்கின. இத்தனை ஆயிரம் கூட்டில் தன் கூடு எது என்று எப்படித் தெரிகிறதோ. எங்கள் குடியிருப்பில் புதிதாகக் குடிவந்தவர்கள் பிளாக் மாறி மணியடித்த கதை நிறைய இருக்கிறது. நான் எண்ண ஆரம்பித்து 400-ல் விட்டுவிட்டேன். அண்ணன் பத்து பத்தாக எண்ணித் தன் செல்போனில் இ-பேர்ட் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தார், அவர் முகத்தைப் பார்த்தால் கடைசி நாள் கணக்கு முடிக்கும் கேஷியர் மாதிரி இருந்தது.

மற்ற இடங்களோடு ஒப்பிடச் சொன்னால்: பறவையைக் கிட்டத்தில் பார்க்க ஆசை இருந்தால் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் போங்கள். அங்கே ஊருக்குள்ளேயே வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டியிருக்கும், இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் அங்கே வரும். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊரையே பார்க்கலாம். சென்னைக்குள்ளேயே முடிக்க வேண்டுமென்றால் பள்ளிக்கரணை இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில், இத்தனை வகை, இத்தனை கூடு, அதுவும் ஒரு நாளில் போய்வரும் தூரத்தில் என்றால் சென்னைக்காரர்களுக்கு வேடந்தாங்கல்தான்.

எப்போது போகலாம்? வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், காலண்டரைப் பார்த்து இல்லை. நவம்பரில் ஏரி நிரம்பினால் டிசம்பரில் குடித்தனம் களைகட்டும், ஜனவரி, பிப்ரவரியில் குஞ்சுகள், மார்ச்சில் இறக்கை முளைத்த பிள்ளைகள் கிளையில் நின்று குதித்துப் பழகும். மழை பொய்த்த வருடம் என்றால் போகாதீர்கள், வருத்தம்தான் மிஞ்சும். ஞாயிறும் பண்டிகை நாளும் வேண்டவே வேண்டாம்.

மதிப்பெண் கேட்டால் 5-க்கு நாலரை. அரை மார்க் குறைத்தது நிழலுக்காக. எட்டு மணிக்கு மேல் வெயில் நேராக அடிக்கும்போது வயதானவர்களுக்குக் கரையில் நடப்பது கஷ்டம், குடை எடுத்துப் போகவும்.

ஆறு மணி ஆனதும் எல்லாரையும் கிளப்பினார்கள். நாங்கள் வண்டியை நோக்கி நடக்கும்போது தலைக்கு மேல் ‘குவாக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று. வக்காக்கள். பகல் முழுக்க மரத்துக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவை இப்போது வயலைப் பார்க்கக் கிளம்பின. “நைட் ஷிஃப்ட்” என்றார் அண்ணன். பைனாகுலர் இன்னும் என் கழுத்தில்தான் இருந்தது, அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பிப்ரவரியில் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன்.